செல்கள் எப்படிப் பிடித்துக்கொள்கின்றன, எப்படி நகர்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காயம் ஆறுவதும், புண்ணில் சீழ் கட்டுவதும், கருவில் முகம் உருவாவதும், மார்பில் தோன்றிய புற்றுநோய் எலும்புக்குப் பரவுவதும் செல்கள் இடம்பெயர்வதால் நடப்பவை. பாடநூல்களில் செல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் வட்டமாகவே வரையப்படுகிறது. அதனால் இந்த நகர்வைப் பற்றி மாணவர்களும் நோயாளிகளின் குடும்பத்தினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். செல் நகர்வதற்குப் பிடிக்கும் திறன் மட்டும் போதாது. பிடித்ததை உரிய நேரத்தில் விடவும் தெரிய வேண்டும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றைத்தான் வெவ்வேறு பக்கங்களிலிருந்து காட்டுகின்றன.

செல்லுக்குள் எலும்புக்கூடு இருக்கிறது என்கிறார்களே, அது எதனால் ஆனது?

மூன்று வகைப் புரத இழைகளால் ஆனது. மிக மெல்லியவை ஆக்டின் இழைகள். தடிமன் சுமார் 7 நானோமீட்டர். மிகத் தடித்தவை நுண்குழல்கள். உள்ளே வெற்றாக, குழாய்போல இருக்கும் இவற்றின் விட்டம் சுமார் 25 நானோமீட்டர். இரண்டுக்கும் நடுவே, சுமார் 10 நானோமீட்டர் தடிமனில் இருப்பதால் மூன்றாவது வகைக்கு இடைநிலை இழைகள் என்று பெயர்.

ஆக்டினை 1942ஆம் ஆண்டில் ஹங்கேரியின் செகெட் நகரில், ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியின் ஆய்வகத்தில் புருனோ ஸ்ட்ராப் தசையிலிருந்து பிரித்தெடுத்தார். வெகுகாலம் அது தசைக்கே உரிய புரதம் என்றுதான் கருதப்பட்டது. உட்கரு உள்ள செல்கள் அனைத்திலும் ஆக்டின் உண்டு என்பது பிறகுதான் தெளிவானது.

எலும்பைப் போல இது நிலையானதாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். நகரும் செல்லின் முன்விளிம்பில் இருக்கும் ஓர் ஆக்டின் இழையின் ஆயுள் சில பத்து நொடிகளிலிருந்து சில நிமிடங்கள் வரைதான். அதற்குள் அது பிரிந்து, அதன் மூலக்கூறுகள் வேறோர் இழையில் சேர்ந்துவிடும். உருவத்தைத் தாங்குவதும் இதே சட்டகம்தான், ஓயாமல் கலைந்து மறுபடி உருவாவதும் இதே சட்டகம்தான். கலையாத சட்டகத்தை வைத்துக்கொண்டு எந்தச் செல்லும் ஓர் அடி நகர முடியாது.

உடம்பில் எல்லாச் செல்களும் நகர்கின்றனவா?

இல்லை. வளர்ந்த மனிதரின் இதயத் தசைச் செல் தன் இடத்தை விட்டு அசைவதில்லை. வெள்ளணுக்களில் பெரும்பான்மையான நியூட்ரோஃபில்களோ நிமிடத்துக்குச் சுமார் 10 மைக்ரோமீட்டர் போகும். ஏறத்தாழ தன் உடல் நீளத்தை ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். தோலுக்கு அடியில் கொலாஜன் என்ற புரத நாரை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல் அந்த அளவு வேகமில்லாதது. ஆய்வகத் தட்டில் அது நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமீட்டர்கூடப் போகாது.

கருவில் கதையே வேறு. முதுகுப்புறத்தில், பிறகு மூளையும் தண்டுவடமும் ஆகும் நரம்புக் குழாய் மூடிக்கொள்ளும் இடத்திலிருந்து நரம்பு முகட்டுச் செல்கள் என்ற கூட்டம் கிளம்புகிறது. முக எலும்புகளில் பெரும்பகுதி, தோலின் நிறமிச் செல்கள், குடலின் நரம்புகள் ஆகியவை அந்தக் கூட்டத்தின் வழித்தோன்றல்கள். நம் முகம் முதுகுப்பக்கத்திலிருந்து நடந்து வந்த செல்களால் ஆனது என்பதை எத்தனை முறை வகுப்பில் சொன்னாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

ஒரு செல் எப்படி அடியெடுத்து வைக்கிறது?

பிரிட்டிஷ் உயிரியலாளர் மைக்கேல் ஏபர்குரோம்பி 1970களில் ஃபைப்ரோபிளாஸ்ட்களை உருப்பெருக்கியில் நெடுநேரம் படமெடுத்து இதை விவரித்தார். முதலில் செல் முன்பக்கம் மெல்லிய தகடு ஒன்றை நீட்டுகிறது. அதற்கு லமெல்லிபோடியம் என்று பெயர். அதன் தடிமன் 0.1 முதல் 0.2 மைக்ரோமீட்டர்தான். நீட்டிய தகடு தரையில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு செல்லின் உடல் முன்னோக்கி இழுக்கப்படுகிறது. கடைசியில் வால் பிய்த்துக்கொண்டு வருகிறது. நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகவும் நடக்கலாம், ஒரே நேரத்திலும் நடக்கலாம். ஃபைப்ரோபிளாஸ்ட் விட்டுவிட்டு நகரும். மீன் செதிலிலிருந்து கிடைக்கும் கெரட்டோசைட் செல்லோ உருவம் மாறாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

தசையே இல்லாத செல்லின் முன்விளிம்பைத் தள்ளுவது எது?

ஆக்டின் இழை வளர்வதே தள்ளுகிறது. இந்த விடையை முதல்முறை கேட்பவர்கள் நம்ப மறுப்பார்கள். அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஆக்டின் இழைக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒன்று வேகமாக வளரும், மற்றது மெதுவாக. வேகமாக வளரும் முனை செல்சவ்வைப் பார்த்தபடி இருக்கும். சவ்வு வெப்பத்தால் எப்போதும் அதிர்ந்துகொண்டிருப்பதால் இழைக்கும் சவ்வுக்கும் நடுவே நொடிக்கு நொடி சிறு இடைவெளி உண்டாகிறது. அந்த இடைவெளியில் ஒரு ஆக்டின் மூலக்கூறு புகுந்து இழையில் ஒட்டிக்கொண்டால் சவ்வு பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. ஒவ்வொரு மூலக்கூறும் இழையை 2.7 நானோமீட்டர் நீட்டுகிறது. நிமிடத்துக்கு 10 மைக்ரோமீட்டர் போகும் செல்லுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: நொடிக்குச் சுமார் 167 நானோமீட்டர், அதாவது ஒவ்வோர் இழையிலும் நொடிக்கு அறுபதுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் சேர வேண்டும்.

ஒற்றை இழை நீண்டால் வளைந்துவிடும், சவ்வைத் தள்ளாது. ஆகவே செல் இழைகளைக் குட்டையாகவும் கிளைகளாகவும் வளர்க்கிறது. இருக்கும் இழையின் பக்கவாட்டில் 70 டிகிரி சாய்வில் புதுக் கிளையைத் தொடங்கிவைப்பது ஆர்ப் 2/3 என்ற புரதக் கூட்டு. ஏழு புரதங்கள் சேர்ந்த இந்தக் கூட்டை 1994இல் லாரா மச்செஸ்கி, தாமஸ் பொல்லார்ட் குழுவினர் அகாந்தமீபா என்ற ஒருசெல் உயிரியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். பின்னால் கிடக்கும் பழைய கிளைகளை கோஃபிலின் என்ற புரதம் வெட்டிப் பிரிக்கிறது. விடுபட்ட மூலக்கூறுகள் மறுபடி முன்விளிம்புக்குப் போகின்றன. இதற்கெல்லாம் செலவாகும் ஆற்றல் செல்லின் எரிபொருளான ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து வருகிறது.

தள்ளுவதற்குத் தசைப் புரதமான மயோசின் தேவையில்லை என்பதை நிரூபித்ததில் ஒரு நோய்க்கிருமிக்கும் பங்குண்டு. கெட்டுப்போன உணவு வழியாக வரும் லிஸ்டீரியா பாக்டீரியா நம் செல்லுக்குள் நுழைந்ததும், நம் ஆக்டினையே தன் பின்புறத்தில் வால்போல வளரவைத்து, அந்த உந்துதலில் பக்கத்துச் செல்லுக்குள் பாய்கிறது. அது நம்மிடமிருந்து எதைப் பறிக்கிறது என்று தேடியபோதுதான் ஆர்ப் 2/3 கூட்டின் பணி தெளிவாயிற்று. 1999இல் பிரான்ஸில் மேரி-ஃப்ரான்ஸ் கார்லியேயின் குழு, செல் எதுவும் இல்லாமல், தூய்மைப்படுத்திய சில புரதங்களை மட்டும் கலந்த திரவத்தில் இந்த பாக்டீரியாவை ஓடவைத்துக் காட்டியது. அந்தக் கலவையில் மயோசின் இல்லை. அதே ஆண்டில் வேறொரு குழு, பாக்டீரியாவின் மேற்பரப்புப் புரதமான ஆக்ட்-ஏ பூசிய பிளாஸ்டிக் மணிகளையே செல் சாற்றில் நகரவைத்தது.

தரையைச் செல் எதனால் பிடிக்கிறது?

இன்டெக்ரின் என்ற புரதங்களால். செல்சவ்வை ஊடுருவி நிற்கும் இவற்றின் வெளித்தலை கொலாஜன், ஃபைப்ரோனெக்டின் போன்ற வெளி நார்களைப் பற்றும். உள்வால் வேறு புரதங்கள் வழியாக ஆக்டினோடு இணையும். மனிதரில் 18 ஆல்ஃபா துணைப்புரதங்களும் 8 பீட்டா துணைப்புரதங்களும் ஜோடி சேர்ந்து 24 வகை இன்டெக்ரின்களாகின்றன. ஃபைப்ரோனெக்டினில் இவற்றுள் பல பற்றிக்கொள்ளும் இடம் ஆர்ஜினின், கிளைசின், ஆஸ்பார்டிக் அமிலம் ஆகிய மூன்றே அமினோ அமிலங்கள் என்று 1984இல் எர்க்கி ருவோஸ்லாட்டியும் மைக்கேல் பியர்ஷ்பாக்கரும் காட்டினார்கள். இன்டெக்ரின் ஆய்வுக்காக ருவோஸ்லாட்டி, ரிச்சர்ட் ஹைன்ஸ், திமோத்தி ஸ்பிரிங்கர் மூவருக்கும் 2022இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

இன்டெக்ரின் ஆக்டினை நேரடியாகத் தொடுவதில்லை. நடுவே சுமார் 40 நானோமீட்டர் இடைவெளி. அதில் டாலின், வின்குலின், பாக்சிலின் எனப் பல புரதங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இவற்றில் டாலின் செய்யும் காரியம் அருமையானது. அதன் தண்டில் மடித்துச் சுருட்டிய பகுதிகள் பல உள்ளன. ஆக்டின் பின்னோக்கி இழுக்க, இன்டெக்ரின் தரையை விடாமல் பிடிக்க, நடுவில் மாட்டிய டாலின் நீள்கிறது, மடிப்புகள் அவிழ்கின்றன. அவிழ்ந்த இடங்களில் அதுவரை மறைந்திருந்த பிடிகளில் வின்குலின் வந்து சேர்ந்து, மேலும் ஆக்டினைக் கட்டிப்போடுகிறது. இழுக்க இழுக்கப் பிடிமானம் வலுக்கிறது. 2009இல் ஒற்றை டாலின் மூலக்கூறையே இழுத்து இதை நேரில் அளந்திருக்கிறார்கள்.

பிடிக்காவிட்டால் என்ன ஆகும்?

முன்விளிம்பில் இழை வளர்ந்துகொண்டேயிருக்கும். ஆனால் சவ்வு எதிர்த்துத் தள்ளுவதாலும் மயோசின் பின்னால் இழுப்பதாலும் ஆக்டின் வலை முழுவதும் பின்னோக்கி வழுக்கும். செல் நின்ற இடத்திலேயே நிற்கும். கிளட்சை அழுத்திக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் வண்டி உறுமிக்கொண்டு நிற்பதைப் போன்றதுதான். டிமோத்தி மிட்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் 1988இல் முன்வைத்த இந்தக் கருத்துக்கு இன்றும் மூலக்கூறு கிளட்ச் என்றே பெயர். இன்டெக்ரின்கள் குவிந்து தரையைப் பிடிக்கும் இடங்களான ஒட்டுப்புள்ளிகள் வலையைத் தரையோடு பிணைத்ததும் பின்வழுக்கல் குறைகிறது. வளர்ச்சி முழுவதும் முன்னேற்றமாக மாறுகிறது.

அப்படியானால் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறதோ அவ்வளவு வேகம்தானே?

இல்லை. ஷான் பலெசெக், டக்ளஸ் லாஃபன்பர்கர் குழுவினர் 1997இல் தட்டின் மேல் ஒட்டுப்புரதத்தின் அளவை மாற்றிமாற்றிச் செல்களின் வேகத்தை அளந்தார்கள். குறைவாக இருந்தபோது செல் வழுக்கியது; அதிகமாக இருந்தபோது ஒட்டிக்கொண்டு அசையவில்லை. நடுத்தரப் பிடிமானத்தில்தான் வேகம் உச்சம். இன்டெக்ரினின் எண்ணிக்கையை மாற்றினாலும், அது பற்றும் வலிமையை மாற்றினாலும் இதே முடிவுதான் வந்தது.

பின்புறத்தை எப்படி விடுவிக்கிறது?

வாலருகே மயோசின் ஆக்டின் இழைகளைச் சுருக்கி இழுக்கிறது. கால்பைன் என்ற நொதி டாலினைத் துண்டித்து ஒட்டுப்புள்ளியைத் தளர்த்துகிறது. நுண்குழல்கள் ஒட்டுப்புள்ளிகளைத் தேடிவந்து தொடும்போதும் அவை கரைகின்றன. விடுபட்ட இன்டெக்ரின்களில் ஒரு பகுதியைச் செல் உள்ளே இழுத்து மீண்டும் பயன்படுத்துகிறது. ஃபைப்ரோபிளாஸ்டில் எல்லாம் சுமுகமாக விடுபடுவதில்லை. வால் வெடுக்கென்று பிய்ந்து வரும்போது சவ்வின் துணுக்குகளும் இன்டெக்ரின்களும் தரையிலேயே தங்கிவிடுகின்றன. செல் போன தடத்தை அவற்றை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

இவ்வளவு சின்ன செல் இழுக்கிறது என்று எப்படித் தெரியும்?

1980இல் ஆல்பர்ட் ஹாரிஸும் சக ஆய்வாளர்களும் செய்த சோதனை எளிமையானது. சிலிகோன் எண்ணெயின் மேற்பரப்பை ஒரு கணம் தீச்சுடரில் காட்டி, மேலே மட்டும் மெல்லிய ரப்பர் ஏடு படியவைத்தார்கள். அதன்மேல் செல்களை விட்டபோது ஏடு சுருங்கிச் சுருக்கங்கள் விழுந்தன. வேகமாக ஓடும் வெள்ளணுக்கள் ஏட்டை ஏறக்குறையச் சுருக்கவே இல்லை. மெதுவாக நகரும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள்தான் ஏட்டைப் பலமாகச் சுருக்கின.

நகர்வதற்குத் தேவையானதைவிடப் பல மடங்கு விசையை ஃபைப்ரோபிளாஸ்ட் ஏன் செலுத்த வேண்டும்? அந்த விசை சுற்றியுள்ள கொலாஜனை இழுத்து ஒழுங்குபடுத்துவதற்கு. பெரிய காயத்தின் வாய் நாளடைவில் தானே சுருங்குவதும், தீக்காயத் தழும்பு முழங்கையை மடக்கிப் பிடித்துக்கொள்வதும் இதே விசையால்தான். தீக்காயம் ஆறிவரும் நாட்களில் இயன்முறைப் பயிற்சியாளர்கள் மூட்டை நீட்டிவைக்கச் சொல்வதற்கும் காரணம் இதுவே.

காயத்தைக் காற்றாட விட்டால் சீக்கிரம் ஆறும் என்பது சரியா?

சிறிய, சுத்தமான காயத்துக்குச் சரியில்லை. காயத்தை மூடுவது ஓரங்களிலிருந்து ஊர்ந்து வரும் மேல்தோல் செல்கள். அவை ஈரமான பரப்பின்மேல்தான் ஊர முடியும். காயம் காய்ந்து பொருக்குத் தட்டினால், பொருக்குக்கு அடியில் ஈரம் இருக்கும் ஆழம்வரை இறங்கி வழி உண்டாக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. 1962இல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் மேல் செய்த ஆய்வில், பாலிதீன் ஏட்டால் மூடிய காயங்களில் மேல்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. இன்றைய ஈரம் காக்கும் காயக்கட்டுகள் பலவும் அந்த ஆய்வின் வழிவந்தவை. சீழ் பிடித்த புண், நீரிழிவு நோயாளியின் கால் புண், கடிபட்ட காயம் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது; அவற்றை மருத்துவர் பார்க்க வேண்டும்.

எந்தப் பக்கம் போவது என்று உட்கருதான் ஆணையிடுகிறதா?

இல்லை. உர்சுலா ஓய்ட்டெனாயரும் மான்ஃபிரெட் ஷ்லீவாவும் 1984இல் மீன் கெரட்டோசைட்டின் முன்தகட்டிலிருந்து துண்டு ஒன்றைப் பிரித்தார்கள். அதில் உட்கருவும் இல்லை, நுண்குழலும் இல்லை. அந்தத் துண்டு தன்பாட்டுக்கு நடந்து போனது. 1999இல் இன்னொரு குழு, அசையாமல் வட்டமாக இருந்த அத்தகைய துண்டை ஒரு பக்கமிருந்து திரவத்தைப் பீய்ச்சி லேசாகத் தள்ளியது. தள்ளிய பக்கம் சுருங்கி வாலாயிற்று. எதிர்ப்பக்கம் விரிந்து முன்விளிம்பாயிற்று. தள்ளுவதை நிறுத்திய பிறகும் துண்டு நிற்காமல் நடந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இதுதான். முன்பக்கம், பின்பக்கம் என்ற வேறுபாட்டை ஆக்டினும் மயோசினுமே உருவாக்கித் தக்கவைத்துக்கொள்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

முழுச் செல்லில் இந்த வேறுபாட்டை ஆளும் சிறு புரதங்கள் உண்டு. 1992இல் லண்டனில் ஆன் ரிட்லியும் ஆலன் ஹாலும் ஓய்வில் இருந்த செல்களுக்குள் அவற்றை ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள். ரோ புரதம் தடித்த ஆக்டின் கற்றைகளையும் ஒட்டுப்புள்ளிகளையும் உண்டாக்கியது. ராக் புரதம் விளிம்பில் தகடுகளை எழுப்பியது. விரல்போல நீளும் ஃபிலோபோடியங்களை சிடிசி42 என்ற புரதம் எழுப்புவது 1995இல் தெரியவந்தது. முன்னால் ராக், பின்னால் ரோ. ஒன்று மற்றதை அடக்கும்.

வெளியிலிருந்து வரும் குறிப்புகளில் முதன்மையானவை வேதிப்பொருள்கள். பாக்டீரியாக்களின் புரதங்கள், ஃபார்மைல் என்ற வேதிக்குழு ஏறிய மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கும். அந்தத் துணுக்குகளை நியூட்ரோஃபில் மோப்பம் பிடிக்கிறது. தன் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே செறிவு ஓரிரு சதவீதம் மாறுபட்டாலே அதற்குத் திசை தெரிந்துவிடும். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 1950களில் டேவிட் ரோஜர்ஸ் எடுத்த படத்தில், சிவப்பணுக்களை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு ஒரு நியூட்ரோஃபில் பாக்டீரியாவைத் துரத்திப் பிடிப்பதைக் காணலாம். மாணவர்களுக்கு முதலில் காட்ட வேண்டியது அந்தப் படம்தான்.

தரையின் கடினமும் ஒரு குறிப்பு. மென்மையான பரப்பிலிருந்து கடினமான பரப்பை நோக்கி ஃபைப்ரோபிளாஸ்ட் நகர்கிறது என்று 2000ஆம் ஆண்டில் காட்டப்பட்டது. பிடித்து இழுத்துப் பார்த்துத்தான் செல் கடினத்தை உணர்கிறது.

நுண்குழல்களுக்கு இதில் என்ன வேலை? செங்காந்தளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டாமே?

நீண்ட தூரச் சரக்குப் போக்குவரத்து நுண்குழல்களின் மேல்தான் நடக்கிறது. ஒட்டுப்புள்ளிகளைத் தளர்த்துவதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. ஃபைப்ரோபிளாஸ்டிடமிருந்து அவற்றை எடுத்துவிட்டால் அதன் உள்ளிழுப்பு விசை கூடிவிடும், திசை தவறிவிடும். முன் சொன்ன கெரட்டோசைட் துண்டுக்கோ அவை தேவையே இல்லை.

செங்காந்தள் தொடர்பு உண்மை. தமிழ்நாட்டின் மாநில மலரான அதன் கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகவே இது பயிராகிறது. கோல்சிசின் எந்தப் புரதத்தோடு சேர்கிறது என்று 1967இல் சிகாகோவில் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் தேடியபோதுதான் நுண்குழலின் அடிப்படைப் புரதமான டியூபுலின் அகப்பட்டது. மூட்டில் யூரிக் அமிலப் படிகங்கள் சேர்ந்து வீங்கும் கவுட் நோய்க்குச் சிறு அளவில் இதைக் கொடுக்கிறார்கள். வெள்ளணுக்கள் இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டுவதும் மூட்டில் வந்து குவிவதும் அதனால் குறைகிறது.

ஆனால் மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் தூரம் மிகக் குறைவு. கிழங்கை வீட்டு வைத்தியமாக ஒருபோதும் உண்ணக் கூடாது. கோல்சிசின் நஞ்சுக்கு எங்கும் கைவசம் கிடைக்கும் மாற்றுமருந்து இல்லை. யாராவது தின்றுவிட்டதாகத் தெரிந்தால், நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் சில மணி நேரம் அறிகுறியே இல்லாமல் போகலாம்.

இடைநிலை இழைகள்?

நகர்வை நேரடியாக உந்துவதில்லை, இழுவிசையைத் தாங்குகின்றன. மேல்தோலில் இவை கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை, ஃபைப்ரோபிளாஸ்டில் விமென்டின் என்ற புரதத்தால். கெரட்டின் 5 அல்லது 14 மரபணு பழுதான குழந்தைக்கு லேசாக உரசினாலே தோலில் கொப்புளம் எழும்பும்.

பிடிக்காமலே நகர முடியுமா?

முடியும், எல்லாப் பக்கமும் நெருக்கும் இடத்தில். 2008இல் வெளியான ஆய்வில், எல்லா இன்டெக்ரின்களும் நீக்கப்பட்ட எலியின் டென்ட்ரைட்டிக் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் திசுக்களின் ஊடே ஏறக்குறைய வழக்கமான வேகத்திலேயே போயின. ஆக்டினின் வளர்ச்சியும் மயோசினின் சுருக்கமும் மட்டும் அவற்றைப் பிதுக்கிக்கொண்டு போயின. தட்டையான கண்ணாடியின்மேல் இந்த வித்தை பலிக்காது. நெடுங்காலம் நாம் செல்களைக் கண்ணாடியின்மேல் வைத்தே பார்த்துவந்ததால் ஒட்டுப்புள்ளிகளுக்குச் சற்றுக் கூடுதல் இடம் கொடுத்துவிட்டோம் என்பது என் கருத்து.

இத்தகைய இடுக்குகளில் உட்கருதான் தடை. செல்லின் உறுப்புகளில் பெரியதும் விறைப்பானதும் அதுவே. மிகக் குறுகிய வழியில் நுழையும்போது உட்கருவின் உறை கிழிந்து, பிறகு ஒட்டிக்கொள்வதை 2016இல் இரண்டு குழுக்கள் காட்டின. கிழியும்போது மரபுப்பொருளும் சேதமாகிறது. நியூட்ரோஃபிலின் உட்கரு பல மடல்களாக நெகிழ்வாக இருப்பது இடுக்குகளில் புகுவதற்கு உதவுகிறது.

இந்த ஏற்பாடு பிறவியிலேயே பழுதானால் என்ன நோய்கள் வரும்?

பல வரும். முதலில், வெள்ளணு ஒட்டுக் குறைபாடு. பீட்டா-2 இன்டெக்ரின் இல்லாத குழந்தையின் நியூட்ரோஃபில்கள் இரத்தக்குழாயை விட்டு வெளியேற முடியாது. இரத்தப் பரிசோதனையில் வெள்ளணு எண்ணிக்கை மிக அதிகமாக இருக்கும். ஆனால் தொற்று உள்ள இடத்தில் சீழ் இருக்காது. தொப்புள்கொடி விழுவதற்கும் நியூட்ரோஃபில்கள் வேண்டும் என்பதால், வழக்கமாக ஒன்று இரண்டு வாரத்தில் விழும் கொடி மூன்று, நான்கு வாரம் கடந்தும் ஒட்டிக்கொண்டிருக்கும். கொடி தாமதமாக விழும் குழந்தைகளில் பெரும்பாலோர் நலமானவர்களே. ஆகவே அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். கூடவே தொப்புளைச் சுற்றிச் சிவப்போ, திரும்பத் திரும்பத் தொற்றோ இருந்தால் குழந்தை மருத்துவரிடம் கொடியைப் பற்றியும் சொல்லுங்கள். கடுமையான வகைக்கு எலும்புமஜ்ஜை மாற்றுச் சிகிச்சை உண்டு.

ஆர்ப் 2/3 கூட்டை முடுக்கும் ஒரு புரதம் பழுதானால் விஸ்காட்-ஆல்ட்ரிச் நோய்: இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சிறுத்திருத்தல், கரப்பான் என்ற தோல் அழற்சி, அடிக்கடி தொற்று; பெரும்பாலும் ஆண்குழந்தைகளுக்கே வரும். நரம்பு முகட்டுச் செல்கள் குடலின் கடைசிவரை போய்ச் சேராவிட்டால் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய். பிறந்த குழந்தை முதல் இரண்டு நாளில் மலம் கழிக்காமல் வயிறு உப்பும். அறுவைச் சிகிச்சையால் சரிசெய்யலாம். மூளையில் நரம்புச் செல்கள் நுண்குழல்களின் உதவியோடு வெளிப்புறம் ஏறிப்போக முடியாமல் போனால் மூளையின் மடிப்புகளே உருவாகாது.

புற்றுநோய் பரவுவது இதனால்தான் என்றால், ஆக்டினை மருந்து கொடுத்து நிறுத்திவிடலாமே?

ஆக்டினை நிறுத்தும் பொருள்கள் இருக்கின்றன. பூஞ்சையிலிருந்து சைட்டோகலாசின், செங்கடல் கடற்பஞ்சிலிருந்து லாட்ரன்குலின். ஆய்வகத்தில் தினமும் பயன்படுபவை இவை. மருந்தாக உடம்புக்குள் செலுத்த முடியாது. இதயத் தசையும் நோயெதிர்ப்புச் செல்களும் அதே ஆக்டினை நம்பித்தான் வாழ்கின்றன.

வழியை அடைத்துவிடலாம் என்றும் முயன்றார்கள். புற்றுச்செல்கள் கொலாஜனை வெட்ட நொதிகளைச் சுரக்கின்றன. அந்த நொதிகளைத் தடுக்கும் மருந்துகள் 1990களில் பெரிய ஆய்வுகளில் சோதிக்கப்பட்டு, எதிர்பார்த்த பலன் தரவில்லை. 2003இல் கதரினா வோல்ஃப், பீட்டர் ஃப்ரீடல் குழுவினர் அதற்கு ஒரு காரணத்தைக் காட்டினார்கள். நொதிகளைத் தடுத்ததும் புற்றுச்செல்கள் உருண்டு, அமீபாவைப் போல இருக்கும் இடுக்குகளிலேயே பிதுங்கிப் போகத் தொடங்கின. ஒரு வழியை மூடினால் செல் நடையை மாற்றிக்கொள்கிறது. நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்கிறிஸ்டின் போன்ற மருந்துகள் நுண்குழல்களைத் தாக்கினாலும், அவை முதன்மையாகத் தடுப்பது செல் பிரிவதைத்தான். நீண்ட நரம்புகளின் சரக்குப் போக்குவரத்தும் அதே குழல்களில் நடப்பதால்தான் அந்தச் சிகிச்சை பெறுபவர்களுக்குக் கைகால் மரத்துப்போகிறது. மரப்பு தொடங்கினால் பொறுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அளவைத் திருத்துவார்கள்.

பிடிமானத்தைத் தடுக்கும் மருந்துகள் ஏதாவது பயனுக்கு வந்திருக்கின்றனவா?

வந்திருக்கின்றன. சுருட்டை விரியன் நஞ்சில் உள்ள எக்கிஸ்டாட்டின் என்ற சிறு புரதம், மேலே சொன்ன மூன்று அமினோ அமில வரிசையைக் காட்டித் தட்டணுக்களின் இன்டெக்ரினை அடைத்துவிடும். தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. அந்த அமைப்பைப் பார்த்து உருவாக்கிய டிரோஃபிபான், மாரடைப்பு நோயாளிகளின் இதயக் குழாயில் உறைகட்டி வளராமல் தடுக்கிறது.

நாட்டலிசுமாப் என்ற மருந்து வெள்ளணுக்கள் மூளைக்குள் நுழைவதைத் தடுத்து, நோயெதிர்ப்புச் செல்களே மூளை நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயைக் கட்டுப்படுத்துகிறது. 2004இல் அனுமதி பெற்ற அது, சில நோயாளிகளுக்கு அரிதான வைரஸ் மூளைத்தொற்று வந்ததால் 2005இல் விலக்கப்பட்டு, கண்காணிப்பு நிபந்தனைகளோடு 2006இல் திரும்பியது. மூளைக்குள் காவலுக்குப் போக வேண்டிய செல்களும் தடுக்கப்பட்டதன் விளைவு அது. குடலுக்குப் போகும் வெள்ளணுக்களின் இன்டெக்ரினை மட்டும் குறிவைக்கும் வெடோலிசுமாப் 2014இல் குடல் அழற்சி நோய்களுக்கு வந்தது.

பள்ளி உருப்பெருக்கியில் இதைப் பார்க்க முடியுமா?

அமீபாவில் பார்க்கலாம். குளத்து அடிச்சேற்றையும் மக்கிய இலையையும் தண்ணீரோடு அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். அடியிலிருந்து ஒரு துளியை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் விட்டு, பத்து மடங்கு வில்லையில் தொடங்குங்கள். வெளிச்சத்தை நன்றாகக் குறைத்தால்தான் நிறமற்ற உடல் கண்ணுக்குப் படும். எடுத்த அதிர்ச்சியில் அமீபா உருண்டையாக இருக்கும். சில நிமிடங்கள் கழித்துப் போலிக்கால் நீட்டும். நீளும் முனையில் தெளிந்த பகுதி ஒன்று தெரியும். அதன் பின்னால் சிறு மணிகள் பாய்ந்து வருவதும் தெரியும். அதே துளியில் விருட்டென்று நீந்தும் பாரமீசியத்தைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். அது நுண்குழல்களால் ஆன குறுஇழைகளைத் துடுப்புப் போட்டு நீந்துகிறது. தரையைப் பிடித்து நகர்வதில்லை.